பசு பால் தருகிறதா, நாம் கறக்கிறோமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். நான்கு முதல் ஆறு வயது வரை உள்ள இருபது குழந்தைகள். மனிதருக்கும் இயற்கைக்கும் உதவும் விலங்குகளைப் பற்றி ஒரு மாதம் சொல்லித்தர வேண்டும். பசு பால் தரும், கோழி முட்டை தரும், நாய் வீட்டைக் காக்கும் என்று சொன்னால் பத்து நிமிடத்தில் பாடம் தீர்ந்துவிடுகிறது. பல்லியைக் கண்டால் பாதி வகுப்பு அலறுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

நான் காவிரிப் படுகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். இந்தப் பத்து நிமிடச் சிக்கல் எனக்கும் இருந்தது. அதை அவிழ்த்தவன் ஒரு மாணவன். ஒரு நாள் வழக்கம்போல "பசு பால் தரும்" என்று கரும்பலகையில் எழுதினேன். மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து, எங்கள் வீட்டுப் பசு தராது, உதைக்கும் என்றான். கன்றை முதலில் ஊட்டவிட வேண்டுமாம். மடி சுரந்ததும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டு அப்பா கறப்பாராம். வகுப்பு சிரித்தது. ஒரு சிறுமி மட்டும் சிரிக்காமல், அப்புறம் கன்றுக்குட்டி என்ன செய்யும் என்று கேட்டாள். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பாடம் ஓடியது. நான் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது.

குற்றவாளி அந்த வினைச்சொல்தான். 'தரும்' என்றால் கதை முடிந்தது: அது தருகிறது, நாம் வாங்கிக்கொள்கிறோம், கேட்பதற்கு ஒன்றுமில்லை. அதன் பிறகு நான் பாடத்தை வேறொரு கேள்வியில் தொடங்கினேன். இதன் பிழைப்பு என்ன? பொழுது விடிந்தால் எங்கே போகும், எதைத் தின்னும், யாருக்குப் பயப்படும், குட்டியை எங்கே வைத்திருக்கும்? இதைத் தேடிப் போனால் நமக்கோ மண்ணுக்கோ மரத்துக்கோ கிடைக்கிற உதவி அந்தப் பிழைப்பின் ஓரத்திலேயே கிடக்கும். தேனீ பூசணிக் கொடிக்கு உதவ வரவில்லை, சாப்பிட வந்தது. சின்னக் குழந்தைக்கு இது எப்படிப் புரியும் என்று கவலைப்படாதீர்கள். சாப்பாடு இருக்கும் இடத்தைத் தேடிப் போவது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகப் புரிந்த விஷயம்.

முதல் வாரம் சுவரில் மாட்டும் படங்களைச் சுருட்டி வைத்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் 'பண்ணை விலங்குகள்' படத்தில் சிவப்பு மரக் கொட்டகை இருக்கும், வெள்ளையில் கறுப்புத் திட்டுப் போட்ட மாடு இருக்கும், இளஞ்சிவப்புப் பன்றி இருக்கும். சன்னலுக்கு வெளியே கட்டியிருக்கும் செவலை மாட்டுக்கும் அதற்கும் ஒட்டுறவே கிடையாது. குழந்தை அதைச் சமாளித்துக்கொள்கிறது: படத்து மாடு பாடத்துக்கு, தெரு மாடு தெருவுக்கு. நாம்தான் ஏமாந்துபோகிறோம்.

பல்லியிலேயே தொடங்குங்கள். அது ஏற்கெனவே வகுப்பறையில் இருக்கிறது, செலவில்லை. வீட்டுப்பாடமாக ஒன்றே ஒன்று கொடுங்கள்: மாலையில் விளக்கு எரியும் சுவருக்கு எதிரே வீட்டுப் பெரியவர் ஒருவருடன் பத்து நிமிடம் உட்கார வேண்டும், பல்லி எத்தனை பூச்சி பிடித்தது என்று விரல் மடக்கி எண்ண வேண்டும். மறுநாள் ஒருத்தி மூன்று என்பாள், இன்னொருவன் நூறு என்பான். நூறு என்பவனை மறுக்காதீர்கள். அந்த வயதில் நூறு என்றால் நிறைய என்று பொருள். பெரியவர் ஒருவரும் கூட உட்கார வேண்டும் என்று சொல்வதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. குழந்தையின் அலறலில் பாதி வீட்டிலிருந்து வருவது. பல்லி விழுந்தால் பலன் பார்க்கிற வீடு, காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட வரிசையில் நின்ற கையாலேயே சுவர்ப் பல்லியைத் துடைப்பத்தால் அடிக்கிற வீடு. நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனாலும் அது விழுந்த சாப்பாட்டைக் கொட்டத்தான் வேண்டும். அதன் உடம்பிலும் எச்சத்திலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். 'நல்லது' என்று சொன்ன உடனே தொட ஓடுகிற பிள்ளைகளும் இருப்பார்கள்.

அடுத்தது மண்புழு. என்னைக் கேட்டால் மாதம் முழுவதும் மண்புழுவை மட்டும் வைத்துக்கொண்டுகூட ஓட்டிவிடலாம். வாயகன்ற கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஈர மணல், அதன்மேல் செம்மண், அதன்மேல் தோட்டத்துக் கறுப்பு மண், மறுபடியும் மணல் என்று அடுக்குங்கள். உச்சியில் மக்கிய இலையும் கொஞ்சம் காய்கறித் தோலும். எலுமிச்சை, வெங்காயத் தோல் வேண்டாம். நான்கைந்து மண்புழுக்களை விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்தி, நிழலில் வையுங்கள். மண்புழுவுக்குக் கண் கிடையாது, ஆனால் வெளிச்சம் தெரியும், பிடிக்காது. துணி போர்த்தினால்தான் கண்ணாடியை ஒட்டி வளை தோண்டும், நாம் பார்க்க முடியும். தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. அது தோலால் மூச்சு விடுகிறது: தோல் காய்ந்தாலும் செத்துப்போகும், தண்ணீர் தேங்கினாலும் திணறும்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை துணியை விலக்கிக் காட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் அடுக்குகள் குழம்பத் தொடங்கும். இலைத் துண்டுகள் கீழே இறங்கியிருக்கும். மேலே சின்னச் சின்ன மண் உருண்டைகள் குவிந்திருக்கும். அது என்ன என்று கேட்பார்கள். புழுவின் மலம் என்று சொல்லிவிடுங்கள். வகுப்பு இரண்டு நிமிடம் கலகலக்கும், காத்திருங்கள். அந்த வயதில் மலத்தைப் பற்றிய பாடத்தை எவரும் மறப்பதில்லை. பிறகு, புழுவுக்குப் பல் இல்லையே, இலையை எப்படி அரைக்கும் என்று கேளுங்கள். கோழி கல்லைக் கொத்தி விழுங்குவதைப் பார்த்த பிள்ளை யாராவது இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். கோழிக்கு வயிற்றில் அரைக்கும் பை இருப்பதுபோலப் புழுவுக்கும் இருக்கிறது. விழுங்கிய மணல்தான் அதற்கு அம்மிக்கல்.

ஒரு பொய்யை அன்றைக்கே ஒழித்துவிடுங்கள். மண்புழுவை வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று யாராவது ஓர் அண்ணன் சொல்லிக்கொடுத்திருப்பான். ஆகாது. தலைப்பக்கம் சில நேரம் பிழைத்துக்கொள்ளும், வால் பக்கம் செத்துவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் இடைவேளையில் தோட்டத்தில் ஆராய்ச்சி நடக்கும். எனக்கு நடந்திருக்கிறது.

உங்களுக்காக இரண்டு செய்திகள். குழந்தைகளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். சார்லஸ் டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை எழுதியது மண்புழுவைப் பற்றித்தான். 1881இல் வந்தது, அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். புழுக்கள் இருந்த தொட்டியைப் பியானோவின் மேல் வைத்துக் கட்டையை அழுத்திப் பார்த்திருக்கிறார். காற்றில் வரும் ஓசையைச் சட்டைசெய்யாத புழுக்கள், அதிர்வு தொட்டியில் இறங்கியதும் வளைக்குள் ஓடின. பியானோவுக்குப் பதில் மேசையைத் தட்டி நீங்களும் செய்து பார்க்கலாம். பத்தே ஆண்டு கழித்து, 1891இல், நம் மனோன்மணீயம் நாடகத்தில் ஒரு பாத்திரம் நாங்கூழ்ப் புழுவோடு பேசுகிறது. உழுகிறவர்களுக்கெல்லாம் நீதான் வேந்து என்று அதைப் புகழ்கிறது. நாங்கூழ் என்பது மண்புழுவின் பழைய பெயர். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் வேடிக்கையாக இருக்கும், ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

மலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியாயிற்று என்றால் சாணி உருட்டும் வண்டை விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கம் பீவண்டு என்போம். தலைகீழாக நின்று பின்னங்காலால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு போகும். கிராமத்துப் பள்ளியாக இருந்தால் மழைக்காலத்தில் மேய்ச்சல் தரையில் காட்டலாம். நகரமாக இருந்தால் செய்து காட்டுங்கள்: ஒரு பந்து, ஒரு குழந்தை, கைகள் தரையில், பின்னங்காலால் தள்ள வேண்டும். இந்த வண்டு சாணியைத் தனக்கும் தன் குஞ்சுக்கும் சோறாக மண்ணுக்குள் புதைக்கிறது. புதைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. வெளியிலிருந்து மாடு கொண்டுபோனார்கள். அங்கே இருந்த வண்டுகளுக்குக் கங்காருவின் காய்ந்த புழுக்கைதான் பழக்கம், ஈரச் சாணியை அவை பெரும்பாலும் சீண்டவில்லை. சாணி அப்படியே கிடந்து காய்ந்தது, அதில் ஈ பெருகியது, புல் முளைக்கவில்லை. 1960களின் இறுதியிலிருந்து வேறு நாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டுத்தான் சமாளித்தார்கள். நிலவில்லாத இரவில் ஆப்பிரிக்கச் சாணி வண்டு இனம் ஒன்று பால்வீதியின் ஒளியைப் பார்த்து நேர்வழி போகிறது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். சாணியில் கால், வானத்தில் கண்.

பூசணிப் பாடத்துக்கு ஒரு கொடி வேண்டும். இல்லாவிட்டால் யார் வீட்டிலிருந்தாவது காலையில் பூ பறித்துவரச் சொல்லுங்கள். நண்பகலுக்குள் பூ சுருங்கிவிடும், ஆகவே முதல் மணியிலேயே நடத்துங்கள். ஆண் பூவுக்கு அடியில் வெறும் காம்பு; பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி ஒட்டியிருக்கும். அந்தக் குட்டிப் பூசணியைக் காட்டும் நொடிக்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம். ஆண் பூவின் மஞ்சள் பொடியைத் தொட்டுப் பெண் பூவில் தடவினால்தான் அந்தக் குட்டி பெரிதாகும், இல்லாவிட்டால் மஞ்சளாகி உதிரும். தேன் குடிக்க வரும் தேனீயின் மயிரில் ஒட்டிப் போகிற பொடி அது. பஞ்சு சுற்றிய குச்சியைக் கொடுத்துக் குழந்தைகளையே தேனீயாக்குங்கள். மாடித்தோட்டக்காரர்கள் பலர் விடிகாலையில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், தேனீ வராத குறைக்கு. உங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம் என்றால் தேன் பெட்டி வைத்திருப்பவர் யாரையாவது அழைத்து வாருங்கள். அங்கே ரப்பர் தோட்டங்களில் கிடைக்கும் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை; தளிர் இலையின் காம்பில் சுரப்பதைத் தேனீக்கள் எடுக்கின்றன. பெரியவர்களுக்கே இது தெரியாது, குழந்தைகள் வீட்டில் போய்ச் சொல்லிப் பெருமையடிப்பார்கள்.

இதுவரை எல்லாம் எளிது. இனிமேல் வருபவை யாருக்கும் பிடிக்காத உயிர்கள். என் அனுபவத்தில் பாடம் சூடுபிடிப்பதும் இங்கேதான்.

படுகையில் எலிதான் தொடக்கம். எலி நெற்கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்துவைக்கும். அறுவடைக்குப் பிறகு வளையைத் தோண்டி நெல் எடுப்பவர்கள் உண்டு. எலியைப் பிடிக்க மூங்கிலால் கிட்டி செய்து வைப்பார்கள். கிட்டி இல்லாமலே எலி பிடிப்பவர் யார் என்று கேளுங்கள். பூனை என்பார்கள். இன்னும் யார்? சாரைப்பாம்பு, அது வளைக்குள்ளேயே போய்ப் பிடிக்கும். இன்னும் யார்? இங்கே அமைதி வரும். கூகை.

கூகை என்றால் வெள்ளை முகமுடைய ஆந்தை, முகம் வெற்றிலை வடிவில் இருக்கும். எங்கள் பக்கம் சாக்குருவி என்பார்கள். அது கத்தினால் வீட்டில் சாவு விழும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. அந்தச் சாக்குருவிக்காகத்தான் உழவர்கள் வயல் நடுவே குறுக்குக் கட்டை வைத்த குச்சியை நடுகிறார்கள், இரவில் வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று. ஓரிரவில் இரண்டு மூன்று எலிகளையாவது பிடிக்கும். குஞ்சு இருக்கும் காலத்தில் இன்னும் கூடுதல். அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று சற்று மேலே. கும்மிருட்டிலும் எலியின் காலடியை வைத்தே இடத்தைக் கண்டுகொள்ள அதுதான் உதவி. குழந்தைகளின் கண்ணைக் கட்டி, ஒருவன் காய்ந்த சருகில் நடக்க, எந்தப் பக்கம் என்று கை காட்டச் சொல்லுங்கள். வகுப்புக்கே கூகை பிடித்துப்போகும்.

நம் முன்னோருக்குக் கூகையின் சாப்பாடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நற்றிணையின் 83ஆம் பாடலில் தோழி கூகையிடம் பேரம் பேசுகிறாள். இறைச்சியும் நெய்யும் கலந்த சோறும் சுட்ட எலியும் வேண்டிய மட்டும் தருகிறோம், தலைவன் வரும் இரவில் மட்டும் குழறி ஊரை அச்சுறுத்தாதே என்று. காதல் கதை குழந்தைகளுக்கு வேண்டாம். விருந்தாளி வரும் நேரத்தில் சத்தம் போடாதே, உனக்கு எலி வறுவல் தருகிறேன் என்று மாற்றிச் சொல்லுங்கள். எலி வறுவல் என்றதும் எழும் கூச்சலில் சாக்குருவிப் பயம் கொஞ்சம் கரையும்.

பாம்புக்கு மட்டும் தனி எச்சரிக்கை. சாரைப்பாம்புக்கு விஷம் இல்லை என்று நீங்கள் தெரிந்துவைத்திருங்கள். ஆனால் எந்தப் பாம்பு எது என்று பிரித்தறிய ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தராதீர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கும் நம் ஊரில் உண்டு. கட்டுவிரியனை வேறொன்றாக நினைத்துக் கையில் எடுத்த பெரியவர்களே இருக்கிறார்கள். குழந்தைக்கு மூன்றே சொற்றொடர்: அசையாமல் நில், மெல்லப் பின்னால் போ, பெரியவரைக் கூப்பிடு. இதைப் பாட்டாக்கி, ஒரு கயிற்றைத் தரையில் போட்டு, தினமும் ஒத்திகை பாருங்கள். கடித்தால் உடனே மருத்துவமனை என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

பயமும் மரியாதையும் சேர்ந்து வர ஒரு கதை இருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடந்துவருகிறது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும்; அந்த எதிர்ப்புச் சக்தியை அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததுதான் பாம்புக்கடி மருந்து. பாம்பு கடித்த மனிதனைப் பிழைக்கவைப்பது பாம்பும் குதிரையும் இருளரும் சேர்ந்து. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அந்தப் படத்தைக் காட்டுங்கள். உதவும் விலங்கைப் பற்றிப் பேசும்போது அந்த விலங்கை அறிந்த மனிதர்களைப் பாடத்திலிருந்து விட்டுவிடுவது நம் பழைய குறை.

அடுத்தது பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. அந்தப் பாடத்தில் சாவு வருகிறது என்று ஆசிரியர்கள் பலர் தயங்குவார்கள். குழந்தைகள் தயங்குவதில்லை. காட்டில் ஒரு மாடு செத்துப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஆம்புலன்ஸ் வரும் என்றான் ஒருவன். புதைப்பார்கள் என்றாள் இன்னொருத்தி. காட்டில் யார் குழி வெட்டுவார்கள் என்று கேட்டதும் எல்லோரும் யோசித்தார்கள். நாறும் என்றார்கள், ஈ மொய்க்கும் என்றார்கள், தண்ணீரில் கலந்துவிடும் என்றுகூட ஒரு குழந்தை சொன்னது. அதற்குப் பிறகுதான் பாறுவை வானத்திலிருந்து இறக்கினேன். அழுகிய இறைச்சியில் நமக்கு நோய் தரும் கிருமிகள் இருக்கும். பாறுவின் வயிற்று அமிலம் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். தலையில் இறகில்லாததால் தின்றபின் அழுக்கு அவ்வளவாக ஒட்டாது. வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் இன்றும் கூடு கட்டுகிறது.

இந்தியாவில் ஒருகாலத்தில் எங்கும் இருந்த இந்தப் பறவைகளில், 1990களில் தொடங்கிய வீழ்ச்சியில், நூற்றுக்கு 99க்கு மேல் அழிந்தன. மாட்டின் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து, மாடு செத்த பிறகும் அதன் உடலில் இருந்தது. தின்ற பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல் மாட்டு மருந்தாக அதற்குத் தடை வந்தது. 2023இல் மேலும் இரண்டு வலி மருந்துகளுக்கும் தடை வந்தது. குழந்தைகளிடம் மருந்தின் பெயர் வேண்டாம். "மாட்டுக்குக் கொடுத்த மருந்து பாறுவுக்கு விஷமாகிவிட்டது, அதை இப்போது கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்" என்பது போதும். செங்கல்பட்டுப் பக்கத்துப் பள்ளி என்றால் திருக்கழுக்குன்றத்தைச் சொல்லுங்கள். ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. உச்சிவேளையில் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் மலைக்கு வந்து அர்ச்சகர் கையில் பொங்கல் வாங்கித் தின்றதைப் பார்த்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். 1990களுக்குப் பிறகு அவை வரவில்லை. பார்த்த ஒருவரை வகுப்புக்கு அழைத்து உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். செப்டம்பர் முதல் சனிக்கிழமை உலகப் பாறு நாள். அதையொட்டி நடத்தினால் படங்களும் செய்திகளும் எளிதாகக் கிடைக்கும்.

சுற்றுலாவுக்கு உயிரியல் பூங்காவைவிட வேடந்தாங்கலை நான் விரும்புவேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை போகலாம். காலையிலோ மாலையிலோ போங்கள், நடுப்பகலில் போனால் பிள்ளைகள் ஐஸ் விற்பவரைத்தான் பார்ப்பார்கள். பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, வயலுக்கு அது உரம். ஊர்க்காரர்களுக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது. துப்பாக்கியோடு பறவை சுட வந்தவர்களைப் பற்றி அன்றைய ஆங்கிலேயக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கியிருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தைகளின் முகத்தைப் பாருங்கள். பட்டாசு இல்லாத தீபாவளி என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விலை என்று தெரியும். அதைக் கொடுத்த ஊர் ஒன்று இருக்கிறது என்பதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

நாம் வேலை வாங்கும் விலங்குகளைத் தனியாக வையுங்கள். உழவு மாடு, வண்டிக் குதிரை, துணி மூட்டை சுமக்கும் கழுதை, போலீஸ் நாய். இவற்றின் பிழைப்பை இவை தேர்ந்தெடுக்கவில்லை, நாம் பிடித்துப் பழக்கினோம். ஆகவே இங்கே கேள்வியும் மாறும்: வேலைக்குக் கூலி என்ன? ஓய்வு எப்போது? கம்போடியாவில் கண்ணிவெடிகளை மோப்பம் பிடித்த மகாவா என்ற எலியின் கதை இதற்குப் பொருத்தம். ஆப்பிரிக்கப் பையெலி, வெடி வெடிக்கும் அளவுக்கு எடை கிடையாது, ஒரு டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை அரை மணி நேரத்தில் முகர்ந்து முடித்துவிடும். கண்டுபிடித்தால் கூலியாகத் தின்பண்டம். 2020இல் வீரத்துக்கான தங்கப் பதக்கம் வாங்கியது, அடுத்த ஆண்டு ஓய்வுபெற்றது. நெல் தின்ற எலியும் பதக்கம் வாங்கிய எலியும் ஒரே மாதத்தில் வரட்டும். எலி நல்லதா கெட்டதா என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

தெரு நாயைப் பற்றிப் பேசும் நாளில், தூங்கும் நாயையும் தின்னும் நாயையும் குட்டியோடு இருக்கும் நாயையும் நெருங்கக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். கடித்தாலும் கீறினாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும், திட்ட மாட்டோம் என்று உறுதி கொடுங்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பதுதான் ஆபத்து. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை போக வேண்டும் என்பது பெற்றோருக்கான பாடம்.

கடைசியில் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: கொசு என்ன உதவி செய்யும்? நான் முதல் தடவை தடுமாறினேன். பிறகு பழைய கேள்விக்கே திரும்பினேன்: அதன் பிழைப்பு என்ன? ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டும், முட்டைக்காக. ஆண் கொசு பூத்தேன் குடிக்கும். தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுவை மீனும் தட்டானின் குஞ்சும் தின்னும். இவ்வளவுதான் சொல்லி, இதில் நமக்கு உதவி இருக்கிறதா என்று கேட்டேன். எனக்கு இல்லை, மீனுக்கு இருக்கிறது என்றாள் ஒருத்தி. பக்கத்திலிருந்தவன், அப்படியானால் மீனே வைத்துக்கொள்ளட்டும் என்றான். அன்றைக்கு வேறெதுவும் நான் சொல்லவில்லை. பள்ளித் தண்ணீர்த் தொட்டியை மட்டும் மூடிவைத்தோம்.

பாட்டிலைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. முதல் ஆண்டு நான் அதைச் சன்னலோரம் வைத்துவிட்டு இரண்டு நாள் விடுப்பில் போய்விட்டேன். வெயில் ஏறி எல்லாப் புழுவும் செத்துப்போயின. திங்கட்கிழமை காலை இருபது குழந்தைகளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே சனி, ஞாயிறு யார் தண்ணீர் தெளிப்பது என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள். மாதம் முடிந்ததும் புழுக்களை ஒரு மழை நாளில் மாலை நேரமாகப் பார்த்துத் தோட்டத்தில் விடுங்கள். காய்ந்த தரையில் விட்டால் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி இழுத்துக்கொண்டு போனால் எறும்பை விரட்டாதீர்கள்; எங்கே கொண்டுபோகிறது என்று எல்லோரும் குனிந்து பாருங்கள்.